எல்லாம் ஒரே மாதிரி இருக்கே!

2024 ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் நடுவில் எங்கள் வீட்டுக் காலிங்பெல்லை 22 வீட்டுக்காரர்கள் அழுத்தினார்கள். பெல்லுக்குள் இருக்கும் குருவி கடைசியில் தொண்டை கட்டிப்போய் ‘க்ர்ர்’ என்றது. எங்கள் அபார்ட்மென்ட்டில் மொத்தம் 24 வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. மிச்சமிருந்த ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை.

வந்து கத்திவிட்டுப் போன 22 பேரையும் நான் மறந்துவிட்டேன். வராத அந்த ஒருவரைத்தான் மறக்க முடியவில்லை.

இந்த வம்பில் நான் மாட்டிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடியேன் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். அதாவது, அபார்ட்மென்ட் பாஷையில் ‘வீட்டுலயே சும்மா இருக்கறவர்’. சங்கத்தின் பொதுக்குழு மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தபோது குழந்தையை பாத்ரூம் அழைத்துப் போனேன். திரும்பி வந்தபோது பொருளாளர் ஆகியிருந்தேன்.

“காமர்ஸ் படிச்சிருக்கீங்க, எப்பவும் லேப்டாப்ல வேற தட்டிக்கிட்டே இருக்கீங்க. உங்களை விட்டா யாரு?” என்றார் செயலாளர். எல்லோரும் கை தட்டினார்கள். தப்பித்தவர்கள் பலமாகத் தட்டினார்கள்.

அதே சமயத்தில்தான் என் மைத்துனன் ஒரு குண்டு போட்டிருந்தான். “இனிமே எழுதற வேலையெல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிடும் அத்தான். நீங்க கம்ப்யூட்டர் வேலையைக் கத்துக்கறதுதான் சேஃப்டி.” அந்தப் பயத்தில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பைத்தான் கற்க ஆரம்பித்தேன். பைத்தான் என்றதும் மலைப்பாம்பு என்று நினைக்காதீர்கள். 1991-ல் அதை வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராசம், மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் காமெடிக் கோஷ்டியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். காமெடியில் பிறந்த மொழி எனக்கு ஒத்துவரும் என்று நம்பினேன். ஒத்தும் வந்தது, ‘ஆப்ஜெக்ட்’ என்ற அத்தியாயம் வரை.

அந்த அத்தியாயத்தில் வரும் சமாசாரம் இதுதான். ‘கிளாஸ்’ என்பது அச்சடித்த வெற்றுப் படிவம். ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி. அதை ஒருவர் பூர்த்தி செய்துவிட்டால் அது ‘ஆப்ஜெக்ட்’. படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டமும், பெயர், வீட்டு நம்பர், பாக்கி எல்லாம், அதன் ‘ப்ராப்பர்ட்டி’. ப்ராப்பர்ட்டி என்றதும் உங்களுக்கு ரியல் எஸ்டேட் ஞாபகம் வந்தால் நீங்களும் என் கட்சி.

ஒரு வீட்டின் பாக்கி எவ்வளவு என்று தெரிய ‘வீடு.பாக்கி’ என்று எழுத வேண்டும். நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை ‘உடைய’ என்று படித்துப் பாருங்கள். வீட்டினுடைய பாக்கி. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த ஆறாம் வேற்றுமைதான். பைத்தானில் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதால் நான் உண்மையிலேயே ‘வீடு.பாக்கி’ என்றுதான் எழுதினேன். திரையில் அதைப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “யார் வீட்டுல பாக்கி?” என்று பதறினாள்.

காமர்ஸ் படித்தவனுக்கு இது ஒன்றும் புதிசில்லை. லூக்கா பாசியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் 1494-ல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணிதப் புத்தகத்தில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு ஆளுக்கும் பேரேட்டில் தனிக் கணக்கு. ஒருவர் பற்று இன்னொருவர் தலையில் ஏறக்கூடாது. நார்வே நாட்டில் ஓலே யோஹான் தால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இரண்டு பேர் 1960-களில் சிமுலா என்ற கம்ப்யூட்டர் மொழியைச் செய்தார்கள். க்யூவில் நிற்கும் ஆட்கள், மெஷினுக்குக் காத்திருக்கும் வேலைகள் இப்படிப்பட்டவற்றைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடத்திப் பார்ப்பதற்காக. கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விவரம் வேண்டும் என்று போனதில், 1967-ல் வந்த சிமுலாவில் கிளாஸும் ஆப்ஜெக்டும் பிறந்துவிட்டன. இருவருக்கும் 2001-ம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. மறு வருஷமே இருவரும் காலமாகிவிட்டார்கள்.

பாசியோலியும் சரி, நார்வேக்காரர்களும் சரி, ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: ஆளுக்கு ஒரு பக்கம். இந்தச் சின்ன விஷயத்தில்தான் நான் கோட்டை விட்டேன்.

எங்கள் சங்கத்தில் மாதப் பராமரிப்பு 2,050 ரூபாய். முன்பெல்லாம் பாக்கி வைத்தவர்கள் பட்டியலை லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். ஒரு தடவை அப்படி ஒட்டியதில் ஒரு வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தி அதைப் படித்துவிட்டார். அதோடு அந்த வழக்கத்துக்கு முழுக்கு. “இனிமே கவர்ல போட்டுத்தான் குடுக்கணும். யாருக்குக் கவர் வருதுன்னு பார்த்தே கண்டுபிடிச்சுடுவாங்க. அதனால பாக்கி இருந்தாலும் இல்லாட்டியும் 24 வீட்டுக்கும் கவர்” என்று செயலாளர் தீர்மானம் போட்டார். உள்ளே ஒரு தாள். ‘அன்புள்ள உறுப்பினருக்கு, உங்கள் பாக்கி இவ்வளவு’. பாக்கி இல்லாதவர்களுக்குச் சைபர் போட்டு நன்றி. தாளில் பெயர் கிடையாது. பெயர் கவர் மேல் லேபிளில் மட்டும்.

‘இதற்கு எதற்கய்யா பைத்தான்? மெயில் மெர்ஜில் பத்து நிமிஷ வேலையாயிற்றே’ என்று ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது. வாஸ்தவம். ஆனால் புதிதாக சைக்கிள் கற்றவன் எதிர்த்த கடைக்கும் சைக்கிளில்தான் போவான்.

சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். செயலாளரின் நோட்டில், வீடு வாங்கி வந்த வரிசைப்படி, 24 வரிகள். அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, வரிக்கு ஒரு ஆப்ஜெக்ட் செய்து, எல்லாவற்றையும் ‘வீடுகள்’ என்ற லிஸ்டில் கோத்தேன். கோத்ததாக நினைத்தேன்.

பிறகு ‘வீடுகள்.பாக்கி’ என்று கேட்டேன். லிஸ்ட் ஆப்ஜெக்டுக்கு அப்படி ஒரு அட்ரிப்யூட்டே கிடையாது என்று பைத்தான் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. நியாயம்தான். கண்டக்டர் பஸ்ஸைப் பார்த்து ‘எங்கே போகணும்?’ என்று கேட்டால் பஸ்ஸா பதில் சொல்லும்? ஸீட் ஸீட்டாகப் போய் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். அதற்குத்தான் லூப். வீடுகளில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் கையில் எடு, அந்த வீட்டின் பாக்கியைக் கேள், அடுத்த வீட்டுக்குப் போ.

லூப் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் புள்ளி பாக்கியை விட்டுவிட்டு ‘வீடு’ என்று மட்டும் அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். ‘வீடு ஆப்ஜெக்ட்’ என்று ஆரம்பித்து, பின்னால் மெஷின் மெமரியில் அது குடியிருக்கும் விலாசமாக ஒரு நீளமான எண்ணோடு 24 வரிகள் வந்தன. 24-லும் அதே எண். ‘எல்லாம் வீடுதானே, ஒரே மாதிரிதான் இருக்கும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, விட்டுப்போன புள்ளியைச் சேர்த்தேன்.

பிரின்ட்டர் இழுத்து இழுத்து 24 தாள்களைத் துப்பியது. எங்கள் பிரின்ட்டரில் அச்சான பக்கம் மேலே பார்த்தபடி வந்து விழும். ஆகவே அடுக்கின் உச்சியில் இருப்பது கடைசித் தாள். அதை எடுத்து நோட்டின் கடைசி வரியோடு ஒப்பிட்டேன். ரூ.18,450. நோட்டிலும் ரூ.18,450. சுத்தம்! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை என் மனைவி தாள்களை மடித்துக் கவரில் போட உதவினாள். நாலைந்து மடித்தவள் கையை நிறுத்தினாள்.

“என்னங்க, எல்லாம் ஒரே மாதிரி இருக்கே?”

“நோட்டீஸ்னா ஒரே மாதிரிதாண்டி இருக்கும்.”

வரலாற்றில் இடம்பெற வேண்டிய முட்டாள்தனமான வாக்கியம் இது. ஒரே ராத்திரியில் மெஷின் ஒரு தடவை சொன்னது, விடிந்ததும் மனைவி ஒரு தடவை சொன்னாள். இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கு அடியிலும் கவரைத் தள்ளிவிட்டு வந்தேன். ஆவி பறக்கும் இட்லி முன்னால் உட்கார்ந்தபோது மனைவி எங்கள் வீட்டுக் கவரைப் பிரித்தாள்.

“பொருளாளர் வீட்டுலயே 18,450 ரூபா பாக்கியா? மாசாமாசம் என்கிட்ட வாங்கிட்டுப் போறீங்களே, அது எங்க போகுது?”

இட்லி தொண்டையில் நின்றது. அதே நேரம் காலிங்பெல் குருவி முதல் தடவையாகக் கூவியது.

முதலில் வந்தது 3-ம் நம்பர் பாட்டியம்மா. பென்ஷன்காரர். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கட்டிவிடுவார். கையில் மஞ்சள் பை. அதற்குள் பல வருஷ ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு. “தம்பி, நான் இதுவரைக்கும் யாருக்கும் ஒரு ரூபா பாக்கி வெச்சதில்லப்பா” என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மற்றவர்கள் கத்தினார்கள். அது பரவாயில்லை. கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம். அந்த ரப்பர் பேண்டைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

பிறகு வந்தது 12-ம் நம்பர் வீட்டுப் பெண். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. என்னைவிட ஏழெட்டு வயசுதான் சின்னவள். இருந்தாலும் வாய் நிறைய ‘அங்கிள்’ என்பாள்.

“புரோகிராமைக் காட்டுங்க அங்கிள்.”

காட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிரித்துவிட்டாள்.

“அங்கிள், நீங்க ஒரே ஒரு வீடுதான் கட்டியிருக்கீங்க. அதையே 24 பேருக்கு வித்திருக்கீங்க.”

திருதிருவென்று விழித்தேன். விளக்கினாள். புது வீட்டு ஆப்ஜெக்ட் ஒன்றைச் செய்யும் வரியை நான் லூப்புக்கு வெளியே, மேலே எழுதிவிட்டேன். ஆகவே ஒரே ஒரு படிவம்தான் பிறந்தது. லூப் சுற்றும்போது முதல் வரிக்காரரின் பெயரையும் பாக்கியையும் அதில் எழுதி லிஸ்டில் சேர்த்தேன். அடுத்த சுற்றில் அதே படிவத்தில் பழையதை அழித்து இரண்டாமவர் விவரம். இப்படியே 24 தடவை.

“லிஸ்ட்ல இருக்கறது வீடு இல்ல அங்கிள், வீட்டோட விலாசம். 24 சீட்டு இருக்கு. 24-லயும் ஒரே விலாசம். எந்தச் சீட்டை எடுத்துட்டுப் போனாலும் அதே வீட்டு வாசல்லதான் போய் நிப்பீங்க. அங்க கடைசியா யாரு பேரு எழுதினீங்களோ, அதுதான் இருக்கும்.”

“இதுக்கு என்ன பண்றது?”

“இந்த ஒரு வரியைக் கீழ இறக்கி லூப்புக்குள்ள போடுங்க. நாலு ஸ்பேஸ் தள்ளி. அவ்வளவுதான். ஒவ்வொரு சுத்துக்கும் புது வீடு பிறக்கும்.”

நாலு ஸ்பேஸ்! அதற்காகவா ஒரு பாட்டியம்மா மஞ்சள் பையோடு படியேறி வந்தார்?

“அப்ப எல்லாருக்கும் போனது கடைசி ரெக்கார்டோட பாக்கி” என்றபடி அவள் லிஸ்டின் கடைசி வரிக்கு இறங்கினாள். அங்கே இருந்த பெயரைப் படித்தாள். சிரிப்பு நின்றது. மெதுவாக லேப்டாப்பை மூடினாள்.

“இதை வேற யாருக்கும் காட்டாதீங்க அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோர் கையிலும் இருப்பது ஒருவருடைய கடன். அந்த ஒருவர்தான் சண்டைக்கு வரவில்லை. அவருக்கு வந்த கவரில் மட்டும்தான் தப்பே இல்லையே! இன்னும் அரைமணி நேரம் விட்டால் போதும், ‘யார் வீட்டுலேருந்து இன்னும் ஆள் வரல?’ என்று யாராவது எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தால்கூட லிஃப்டுக்கு நிற்பவர்கள்தான் படித்திருப்பார்கள். நான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அவசரமாக சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன்: ‘கம்ப்யூட்டர் கோளாறு. 18,450 என்பது யாருடைய பாக்கியும் அல்ல. மன்னிக்கவும்.’ கம்ப்யூட்டர் பேரில் பழி போடுகிறவர்களைக் கிண்டலடித்து ஏராளமாக எழுதியிருக்கிறேன். அன்று நானே போட்டேன்.

பத்து நிமிஷத்தில் 7-ம் நம்பர் பெரியவர் நேரில் வந்தார். பேங்கில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவர். எந்த எண்ணைப் பார்த்தாலும் வகுத்துப் பார்ப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி.

“ஏம்ப்பா, கோளாறுன்னா ஏதாவது கோணல் நம்பர்னா வரணும்? 18,450-ஐ 2,050-ஆல வகுத்தா கரெக்டா ஒன்பது வருதே. ஒன்பது மாசம்.”

எனக்கு வேர்த்துவிட்டது. “அது... டெஸ்ட் பண்றதுக்காக ஒன்பது மாசம்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன் சார். எடுக்க மறந்துட்டேன்.”

கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார். பேங்கில் லோன் கேட்டு வருகிறவனை எப்படிப் பார்த்திருப்பாரோ, அப்படி.

“சரி, டெஸ்ட்டுதான்” என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார். “குடுத்த பேப்பர் எல்லாத்தையும் இன்னிக்கே திரும்ப வாங்கிடு. ஒரு வீடு விடாம. விட்டா, எந்த வீட்டுல வாங்கலைன்னு ஒருத்தன் பார்ப்பான்.”

சாயந்திரம் 23 கதவுகளையும் தட்டினேன். 23-ம் திறந்தன. ஒரு கதவு மட்டும் கொஞ்சமாகத் திறந்து, ஒரு கை கவரை நீட்டிவிட்டு மூடிக்கொண்டது.

ராத்திரி ஒன்பதரைக்கு அவர் வந்தார். 17-ம் நம்பர் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரையில் எல்லா வீட்டு நம்பர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். என் வயசுதான் இருக்கும். பெல்லை அழுத்தாமல் விரலால் மெதுவாகக் கதவைத் தட்டினார்.

“சார், அது என் அமவுண்ட்டுதானே?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

“காலைலேருந்து உங்க வீட்டு பெல் சத்தத்தை எண்ணிக்கிட்டே இருந்தேன். நானும் வந்து ஒரு தடவை சும்மாவாவது கத்திட்டுப் போயிருக்கணும். தைரியம் வரல.”

வேலை போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போவார், சாயந்திரம் திரும்புவார். நானும் லிஃப்டில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்து கூடத் தங்கியிருக்கும் அவருடைய அப்பா அம்மாவுக்கு விஷயம் தெரியாது.

“எல்லாரும் டெஸ்ட்டுன்னு நம்பிட்டாங்க” என்றேன். ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார்.

“ஒண்ணு கேக்கலாமா? லிஸ்ட்ல நான் ஏன் சார் கடைசி? பாக்கி ஜாஸ்திங்கறதாலயா?”

“இல்லை சார். கடைசியா வீடு வாங்கி வந்தது நீங்க. அதனால.”

“அவ்வளவுதானா?” என்றவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சின்னச் சிரிப்பு.

அக்டோபரில் அவருக்கு வேலை கிடைத்தது. அதற்குள் பாக்கி பதினொரு மாதம் ஆகியிருந்தது. நவம்பரிலிருந்து மாதம் இரண்டு மாதப் பணமாகக் கட்டினார்: ஒன்று நடப்பு, ஒன்று பாக்கி. 2025 செப்டம்பரில் கணக்கு நேரானது. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க சார். ஆனா அந்த நாலு ஸ்பேஸை மறக்காம எழுதுங்க” என்றார்.

என் புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வரியை லூப்புக்குள் இறக்கிவிட்டேன். 24 வீட்டுக்கும் 24 ஆப்ஜெக்ட். படிவத்தில் ‘தவணை’ என்று புதிதாக ஒரு ப்ராப்பர்ட்டியும் சேர்த்தேன். எல்லா வீட்டுக்கும் அந்தக் கட்டம் உண்டு. இப்போது எல்லாவற்றிலும் சைபர். நாளைக்கு யாருக்கு வேண்டியிருக்கும் என்று யார் கண்டது? என் பிழைப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு மாறுதல். இப்போதெல்லாம் தாள்கள் அச்சானதும் மேல் தாளை மட்டும் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதில்லை. மொத்த அடுக்கையும் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கை கட்டி நிற்கிறேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, “ம்... எல்லாம் வேற வேறயா இருக்கு” என்று அவள் சொன்ன பிறகுதான் கவர் ஒட்டுகிறோம்.

இட்லியும் அதற்குப் பிறகுதான்.